அடிக்கடி அறுந்துபோகும் யந்திரப் பட்டி: காரணத்தைக் கண்டறியும் முறை



யந்திரத்தில் பூட்டிய பட்டி ஒருமுறை அறுந்துபோதல் இயல்பு. இறப்பராலும் நூலாலும் செய்யப்பட்ட எப்பொருளும் நாளடைவில் தேய்ந்து தீர்ந்தே ஆகும். ஆனால் ஒரே யந்திரத்தில், ஒரே போகத்தினுள், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பட்டி அறுமாயின் அதனை இயல்பென்று கொள்ளலாகாது. அந்நிலையில் குற்றம் பெரும்பாலும் பட்டியில் இராது. யந்திரத்தில் வேறோரிடத்தில் இருக்கும். அக்குற்றத்தைக் கண்டு நீக்காமற் புதிய பட்டியைப் பூட்டுதல் ஓட்டைச் சாக்கில் நெல் அளப்பதை ஒக்கும்.

பட்டியின் விலை பெரிதன்று என எண்ணுவோர் உளர். பட்டி அறும் வேளையை அவர்கள் கருத்திற் கொள்வதில்லை. சும்மா நிற்கும் யந்திரத்தின் பட்டி அறுவதில்லை. நிலம் பண்படுத்தும்போதும், மிளகாய்க்கன்று வாடி நீருக்கு நிற்கும்போதும், சூடடிக்கும்போதுமே அது அறும். அவ்வேளையில் இழக்கும் ஒரு நாளின் விலை பட்டியின் விலையிலும் பன்மடங்காகும். பின்வரும் நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கும்.

ஒரு களத்தில் நடந்தது

வவுனியா மாவட்டத்தில், ஒரு குளத்தின் கீழ்ப் பெரும்போகம் செய்த கமக்காரர் ஒருவர் தமது சூடடிக்கும் யந்திரத்தின் பட்டிகளைப் பத்து நாட்களுள் மூன்று முறை மாற்றினார். சட்டத்தின்மேல் ஏற்றிய டீசல் எஞ்சின் ஒன்று இரண்டு பட்டிகளினால் அந்த யந்திரத்தைச் சுழற்றியது. முதன்முறை அறுந்தபோது, பட்டி பழையது என எண்ணினார். இரண்டாம் முறை அறுந்தபோது, கடையில் தரமற்ற பட்டியைத் தந்துவிட்டனர் என எண்ணினார். மூன்றாம் முறை, பட்டி வழுக்காதிருக்கும் பொருட்டு அதனை இயன்றமட்டும் இறுக்கிப் பூட்டினார். அதுவும் இரண்டு நாட்களுக்குமேல் நிற்கவில்லை. அன்று மாலை பெய்த மழையில், அடிபடாதிருந்த கதிர்க்கட்டுகள் நனைந்தன. நான் அவ்விடம் சென்றபோது சூட்டின் அடியிலிருந்த நெல்லில் முளை கண்டிருந்தது.

“நல்ல பட்டி எந்தக் கடையில் வாங்கலாம், ஐயா?” என்பதே அவர் என்னிடம் கேட்ட முதல் வினா. பழைய பட்டிகள் எங்கே என நான் வினவினேன். அவற்றுள் ஒரு சோடி வீட்டு முற்றத்து வேப்பமரத்தில், பிள்ளைகளின் ஊஞ்சலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை அவிழ்த்து ஆராய்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதனைப் பின்னர்க் கூறுவேன். அதற்குமுன், பட்டியின் வேலை யாது என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பட்டி வேலை செய்யும் விதம்

இக்காலத்துக் கமத்தொழில் யந்திரங்களிற் பெரும்பாலும் பயன்படுவது, குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேற்பக்கம் அகன்றும் கீழ்ப்பக்கம் ஒடுங்கியும் தோன்றும் பட்டியாகும். இதனை வீ பெல்ற் என்பர். கப்பியின் விளிம்பிலுள்ள தவாளிப்பினுள் இது ஆப்புப் போல இறுகி அமரும். ஆகவே, பட்டியின் இரு பக்கங்களுமே கப்பியைப் பற்றிச் சுழற்றுகின்றன. பட்டியின் அடிப்பாகம் தவாளிப்பின் அடித்தளத்தைத் தொடுதல் ஆகாது. தொடுமாயின் ஆப்பின் வலிமை போய்விடும்; பட்டி வழுக்கும்.

பட்டியின் உள்ளே, மேற்பாகத்தை அடுத்து, உறுதியான நூற்கயிறுகள் ஓடுகின்றன. இழுவையைத் தாங்குபவை இவையே. சுற்றியுள்ள இறப்பர் இவற்றை இடத்தில் வைத்திருக்கின்றது. கயிறுகளில் ஒன்றிரண்டு அறுமாயினும், வெளியே யாதும் தெரியாது; ஆயினும் பட்டியின் ஆயுள் அப்போதே முடிவடையத் தொடங்கிவிடும்.

இப்பட்டிகள் அளவினால் வகுக்கப்பட்டுள்ளன. ஏ வகையின் மேலகலம் 13 மில்லிமீற்றர், தடிப்பு 8 மில்லிமீற்றர். பி வகையின் மேலகலம் 17 மில்லிமீற்றர், தடிப்பு 11 மில்லிமீற்றர். சி வகையின் மேலகலம் 22 மில்லிமீற்றர், தடிப்பு 14 மில்லிமீற்றர். பட்டியின் முதுகில் பி 50 என அச்சிடப்பட்டிருந்தால், அது பி வகையைச் சேர்ந்தது என்பதும், அதன் உட்சுற்றளவு ஏறக்குறைய 50 அங்குலம் என்பதும் பொருளாம். பி வகைக்குரிய தவாளிப்பில் ஏ வகைப் பட்டியைப் பூட்டினால், அது ஆழத்தில் விழுந்து அடித்தளத்தில் உராய்ந்து வழுக்கிக் கருகும். அவசரத்தில் கையிற் கிடைத்ததைப் பூட்டுவோர் இத்தவற்றைச் செய்தல் உண்டு.

அறுந்த பட்டியை எறிந்துவிடாதீர்கள்

வாடிய பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்து நோயை அறிகின்றோம். அவ்வாறே, அறுந்த பட்டியைக் கழுவித் துடைத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால், அது அறுந்த காரணத்தைப் பெரும்பாலும் அதுவே காட்டும். நோக்கவேண்டிய அடையாளங்கள் வருமாறு:

1. பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கிக் கடினமாகி, கருகிய மணம் வீசினால், பட்டி வழுக்கியிருக்கின்றது. தளர்ச்சி, மிகைப்பளு, தேய்ந்த தவாளிப்பு என்பவற்றுள் ஒன்று காரணமாகலாம்.

2. ஒரு பக்கம் மாத்திரம் தேய்ந்திருந்தால், இரு கப்பிகளும் நேர்கோட்டில் இல்லை.

3. அடிப்பாகத்தில் குறுக்காகப் பல வெடிப்புகள் காணப்பட்டால், பட்டி சூட்டினால் உலர்ந்துள்ளது, அல்லது மிகச் சிறிய கப்பியில் அளவுக்குமேல் வளைந்துள்ளது. முதுமையும் இதே அடையாளத்தைத் தரும்.

4. பட்டி ஊதி, மென்மையாகி, கையில் ஒட்டினால், எண்ணெயோ டீசலோ கிறீசோ அதன்மேற் பட்டுள்ளது.

5. ஓரிடத்தில் மாத்திரம் ஆழமாகக் கருகிய குழி இருந்தால், சுழற்றப்படும் அச்சு இறுகி நின்றுவிட, எஞ்சினின் கப்பி மட்டும் அவ்விடத்திற் சுழன்று எரித்துள்ளது. வைக்கோல் சுற்றி உருளை சிக்கும்போதும், பம்பி இறுகும்போதும் இது நிகழும்.

6. வேறு தேய்வின்றிப் பட்டி குறுக்கே அறுந்திருந்தால், திடீர் அதிர்ச்சி, தவாளிப்பினுள் விழுந்த கல், அல்லது பூட்டும்போது திருப்புளியால் நெம்பியதனால் உள்ளே அறுந்த கயிறு என்பன காரணமாகலாம்.

7. பட்டி தவாளிப்பினுள் புரண்டு தலைகீழாகி இருந்தால், நேர்கோடு தவறியிருத்தல், உட்கயிறு அறுந்திருத்தல், அல்லது தளர்ச்சியினால் பட்டி துள்ளுதல் என ஐயுறுக.

8. வெளிப்பக்கத் துணி கிழிந்து நார் நாராகத் தொங்கினால், பட்டி காவற் கூட்டிலோ வேறு பாகத்திலோ உரசுகின்றது.

மேற்கூறிய களத்தில், ஊஞ்சலாகக் கட்டியிருந்த பட்டிகளின் ஒரே பக்கமே தேய்ந்திருந்தது. இறுதியாக அறுந்த பட்டிகளிலும் அதே பக்கமே தேய்ந்திருந்தது. வெவ்வேறு கடைகளில் வாங்கிய பட்டிகள் ஒரே பக்கத்தில் தேய்ந்தமையால், குற்றம் கடைகளில் இல்லை என்பது புலனாயிற்று.

சோதனைக்கு முன்னர்

எஞ்சினை நிறுத்தி, எரிபொருட் குழாயை மூடி, கப்பிகள் முற்றாக நின்றபின்னரே பட்டியைத் தொடுதல் வேண்டும். மின்மோட்டாராயின் ஆளியை மூடியதுடன் அமையாது, மின்னிணைப்பையும் கழற்றிவிடுக. ஓடும் பட்டியைக் கையால் தொட்டு இறுக்கம் பார்ப்பதும், கழன்றதைத் தடியால் தள்ளி ஏற்றுவதும் விரலையும் கையையும் இழப்பதற்கு வழியாகும். சாரத்தை மடித்துக் கட்டுக. தோளிற் சால்வை வேண்டாம். பெண்கள் கூந்தலையும் முந்தானையையும் முடிந்துகொள்ளுதல் வேண்டும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

சோதிக்கும் ஒழுங்கு

பின்வரும் ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் சோதிக்க. இரண்டு மூன்று திருத்தங்களை ஒருங்கே செய்தால், எது காரணம் என்பது தெரியாமற் போகும்.

முதலாவது, நேர்கோடு. ஒரு நூற்கயிற்றை எடுத்து, பெரிய கப்பியின் வெளிமுகத்தில் இரு ஓரங்களிலும் படும்படி இறுக்கிப் பிடித்துச் சிறிய கப்பிவரை நீட்டுக. இரு கப்பிகளின் விளிம்புகளும் ஒரே தடிப்புள்ளனவாயின், கயிறு நான்கு இடங்களிலும் ஒருமிக்கத் தொடுதல் வேண்டும். விளிம்புத் தடிப்பு வேறுபட்டால் தவாளிப்பின் நடுவிலிருந்து அளந்துகொள்க. வீ பட்டிகள் பொறுக்கக்கூடிய பிழை ஏறக்குறைய அரைப் பாகையாகும். அஃதாவது, கப்பிகளின் நடுக்களுக்கிடையே 60 சென்ரிமீற்றர் தூரமுள்ள யந்திரத்தில் 5 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது.

இரண்டாவது, இறுக்கம். இரு கப்பிகளுக்கும் இடையிலுள்ள பட்டியின் நடுவில் பெருவிரலால் அழுத்துக. யந்திரத்தின் கைந்நூலில் அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக. இல்லையேல், பட்டி கப்பிகளைத் தொடாது நிற்கும் நீளத்தில் ஒரு மீற்றருக்கு 16 மில்லிமீற்றர் தாழ்தல் பொதுவான அளவாகும். 50 சென்ரிமீற்றர் நீளத்துக்கு 8 மில்லிமீற்றர் போதும். தளர்ந்த பட்டி வழுக்கிக் கருகும். மிக இறுகிய பட்டியோ தன் கயிறுகளை அறுப்பதோடு அச்சின் பெயாரிங்கையும் கெடுக்கும். பட்டி அடிக்கடி அறுவதற்கு அதை மேலும் இறுக்குவதே பரிகாரம் என்பது தவறான எண்ணம்.

மூன்றாவது, தவாளிப்பு. கப்பியின் தவாளிப்பைத் துடைத்து, அதன் சுவர்மீது நேர்விளிம்புள்ள தகடொன்றை வைத்துப் பார்க்க. சுவர் உட்குழிந்து, தகட்டுக்கும் அதற்குமிடையே ஏறக்குறைய 0.8 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் கப்பியை மாற்றுதல் வேண்டும். தவாளிப்பின் அடித்தளம் மினுங்குமாயின், பட்டி அங்கே தொட்டு வழுக்குகின்றது என்பது உறுதி. சேற்று வயலில் ஓடும் யந்திரங்களில், சேறும் மணலும் தவாளிப்பினுட் புகுந்து அரத்தைப் போல அராவும். ஆகவே நாள் வேலை முடிந்ததும் கப்பிகளைக் கழுவித் துடைத்தல் நன்று.

நான்காவது, பெயாரிங்குகள். பட்டியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கப்பியையும் கையாற் சுழற்றுக. கரகரவென்ற ஒலியோ, இடையிடையே தட்டுப்படுதலோ இருந்தால் பெயாரிங் பழுதுபட்டுள்ளது. பின்னர்க் கப்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. அசையுமாயின், ஓடும்போது நேர்கோடு நில்லாது. பட்டியின் முதுகை அழுத்தும் இறுக்குங் கப்பியைச் சோதிக்க மறவாதீர்கள். சிறியதாகையால் பலர் அதனைக் கவனிப்பதில்லை. அது சுழலாது நின்றால் பட்டியின் முதுகு அதன்மேல் உராய்ந்து கருகும்.

ஐந்தாவது, எண்ணெய்க் கசிவு. கப்பிக்கு மேலும் அருகிலும் எஞ்சின் எண்ணெய், டீசல், கிறீசு என்பன கசிகின்றனவா எனப் பார்க்க. கசிவை அடைக்காமற் பட்டியை மாற்றுதல் வீண் செலவு. வழுக்குதலை நிறுத்தும் பொருட்டுப் பட்டியில் பிசின், சவர்க்காரம், தார் முதலியவற்றைப் பூசுவோரும் உளர். இவை சிறிது நேரம் பிடிப்பைத் தந்து, பின்னர் தூசியைச் சேர்த்து இறப்பரைக் கெடுக்கும்.

ஆறாவது, கப்பியின் அளவு. யந்திரத்தின் வேகத்தைக் கூட்டும் நோக்கத்துடன் சுழற்றப்படும் அச்சில் சிறிய கப்பியைப் பூட்டுதல் எங்கும் காணப்படும் வழக்கம். கப்பி சிறுத்தால் பட்டி கூடுதலாக வளைந்து, விரைவில் வெடிக்கும். ஏ வகைக்கு 75 மில்லிமீற்றரும், பி வகைக்கு 125 மில்லிமீற்றரும், சி வகைக்கு 200 மில்லிமீற்றரும் விட்டத்திற் குறைந்த கப்பிகளைத் தவிர்த்தல் வேண்டும்.

ஏழாவது, பளு. ஈரக் கதிரை அளவுக்குமேல் ஊட்டுதல், சுழல்கலப்பையை மிக ஆழமாக இறக்குதல், இரும்புச் சில்லுகள் சேற்றிற் புதைந்தபின்னும் கிளச்சைத் திடீரென விட்டு இழுத்தல் ஆகியன பட்டிக்கு அதிர்ச்சியைக் கொடுக்கும். மற்றைய ஆறும் சரியாக இருந்தால் ஓட்டும் முறையைத் திருத்துக.

நிற்கும்போது நேராகவும் ஓடும்போது கோணலாகவும்

இனி அந்தக் களத்துக்கு மீள்வோம். பட்டிகள் ஒரு பக்கந் தேய்ந்திருந்தமையால் கப்பிகளின் நேர்கோட்டையே முதலிற் சோதித்தேன். ஆனால் கயிறு நான்கு இடங்களிலும் சரியாகத் தொட்டது. தவாளிப்புகளும் நன்றாக இருந்தன. பெயாரிங்குகளும் ஒலியின்றிச் சுழன்றன. குற்றம் இருந்தும் குற்றம் தென்படவில்லை.

அப்போது எஞ்சினின் கால்களை உற்று நோக்கினேன். எஞ்சின் நான்கு போல்ற்றுகளினால் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தது. பட்டியை இறுக்குவதற்கு எஞ்சினை முன்பின்னாக நகர்த்தும் பொருட்டு, சட்டத்தின் துளைகள் நீளவாட்டில் வெட்டப்பட்டிருந்தன. மூன்று கால்களைச் சுற்றித் தூசியும் எண்ணெயும் படிந்திருந்தன. நான்காவது காலின் அருகே மாத்திரம் இரும்பு தேய்ந்து வெள்ளி போல மினுங்கியது. பொருந்தியிருக்கும் இரண்டு இரும்புகளுக்கிடையே இவ்விதம் மினுக்கம் காணப்பட்டால், அவை ஒன்றன்மேலொன்று அசைகின்றன என்பது பொருள்.

இதனை உறுதிப்படுத்த, ஒவ்வொரு காலின்மேலும் சட்டத்தின்மேலும் தொடர்ச்சியாக விழும்படி வெண்கட்டியால் கோடு கீறினோம். அயலவர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற பட்டிகளைப் பூட்டிப் பதினைந்து நிமிடம் கதிர் ஊட்டி ஓட்டியபின், எஞ்சினை நிறுத்திப் பார்த்தோம். மூன்று கோடுகள் முறியாமல் இருந்தன. நான்காவது கோடு முறிந்து, கால் 4 மில்லிமீற்றர் நகர்ந்திருந்தது. கால்களுக்கிடையே 25 சென்ரிமீற்றர் தூரம் இருந்தமையால், எஞ்சின் ஏறக்குறைய 0.9 பாகை திரும்பியிருந்தது. அரைப் பாகையே எல்லை என முன்னர்க் கூறினேன் அல்லவா? இது ஏறக்குறைய அதன் இருமடங்கு.

போல்ற்றின் கீழிருந்த வளையம் உடைந்து விழுந்துவிட்டமையே மூலகாரணம். பளு இல்லாதபோது எஞ்சின் நேராக நின்றது. கதிர் ஊட்டியதும் பட்டியின் இழுவையினால் ஒரு மூலை முன்னே நகர்ந்தது. ஒவ்வொரு முறையும் பட்டி மாற்றும்போது எஞ்சினைத் தளர்த்தி மீண்டும் நேராக வைத்தமையால், குற்றம் மறைந்துகொண்டே இருந்தது. மூன்றாம் முறை பட்டியை மிகைப்பட இறுக்கியபோது இழுவை கூடி, எஞ்சின் முன்னரிலும் விரைவாகத் திரும்பிற்று. பட்டியைக் காக்கச் செய்த வேலையே பட்டியை அறுத்தது.

தேய்ந்த போல்ற்றை மாற்றி, தடித்த வளையமும் வில்வளையமும் இட்டு, நான்கு கால்களையும் இறுக்கினோம். இவற்றின் விலை ஒரு பட்டியின் விலைக்குள் அடங்கிற்று. அடுத்த போகம் முடியும்வரை அப்பட்டிகள் மாற்றப்படவில்லை. எனினும் நனைந்து முளைத்த நெல்லை யாரும் மீட்டுத்தர இயலாது. முதற் பட்டி அறுந்த அன்றே அதன் பக்கங்களைப் பார்த்திருந்தால், அந்நெல் வீடு சேர்ந்திருக்கும்.

ஆகவே நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டியது: நிறுத்திவைத்த யந்திரத்தில் மாத்திரம் சோதனை செய்து முடித்துவிடாதீர்கள். பளுவுடன் ஓட்டி நிறுத்தியபின்னும் நேர்கோட்டையும் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க.

புதிய பட்டியைப் பூட்டும் முறை

எஞ்சினையோ இறுக்குங் கப்பியையோ தளர்த்தி, பட்டி கையினால் எளிதாக ஏறும்படி இடங் கொடுத்துப் பூட்டுதல் வேண்டும். திருப்புளியாலோ அலவாங்காலோ நெம்பி ஏற்றினால் உட்கயிறுகள் அறும். இப்படிப் பூட்டிய பட்டி சில நாட்களிலே காரணந் தெரியாது அறுந்ததுபோலத் தோன்றும்.

இரண்டு அல்லது மூன்று பட்டிகள் சேர்ந்து ஓடும் யந்திரத்தில், ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுக. பழைய பட்டி நீண்டிருக்கும், புதியது நீளாதிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால், புதியதே முழுப் பளுவையும் சுமந்து முதலில் அறும். இருசில்லு உழவு யந்திரம் வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கழற்றிய நல்ல பட்டிகளை அவசரத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம், புதியவற்றோடு கலக்கலாகாது.

புதிய பட்டி முதற்சில மணித்தியால ஓட்டத்தில் சிறிது நீண்டு, தவாளிப்பில் நன்றாக அமரும். எனவே முதல் நாள் வேலை முடிந்ததும் இறுக்கத்தை மறுபடி பார்க்க. இறுதியாகக் காவற் கூட்டை மறவாது பூட்டுக.

அரை மணி நேரம் ஓடியபின், எஞ்சினை நிறுத்திக் கப்பியைக் கையாற் தொட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனையாகும். கையை வைத்திருக்க முடியாத அளவு சூடாயின் பட்டி வழுக்குகின்றது.

தோட்டக்காரர் கவனத்திற்கு

பட்டியாற் சுழற்றப்படும் பம்பியில், பட்டி அறுவதற்கு முன்னரே நீர் குறைந்து எச்சரிக்கை தரும். பம்பியின் சுழற்சி பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அது நீரை உயர்த்தும் ஆற்றல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆழக் கிணற்றிலிருந்து இறைப்போருக்கு இவ்வேறுபாடு வாய்க்காலில் உடனே தெரியும். வழமையாக ஒரு மணித்தியாலத்தில் நீர்பாயும் வெங்காயப் பாத்திகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் செல்லுமாயின், கிணற்றின் நீர்மட்டத்தையும் உறிஞ்சு குழாயையும் பார்ப்பதோடு பட்டியையும் பாருங்கள். வழுக்கும் பட்டியினால் எரிபொருளும் வீணாகும்.

லொறி, வான் வைத்திருப்போருக்கு

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல லொறியோ வானோ வைத்திருப்போர் பலர். இவற்றுட் பலவற்றில், சுக்கானை இலகுவாகத் திருப்ப உதவும் எண்ணெய்ப் பம்பி ஒரு பட்டியினால் எஞ்சினோடு இணைக்கப்பட்டுள்ளது. இதனைப் பவர் ஸ்ரியறிங் என்பர். இப்பட்டி அடிக்கடி அறுமாயின், மேற்கூறிய முறையே இங்கும் பொருந்தும்.

சுக்கானை ஒரு பக்கத்தின் எல்லைவரை திருப்பும்போது பம்பியின் பளு உச்சநிலையை அடையும். அவ்வேளை கீச்சென்ற ஒலி எழுந்தால் பட்டி வழுக்குகின்றது. பம்பியைத் தாங்கும் இரும்புத் தாங்கியின் போல்ற்று தளர்ந்திருந்தால், அக்களத்து எஞ்சினைப் போலவே, நிற்கும்போது நேராகவும் பளு வரும்போது கோணலாகவும் பம்பி நிற்கும். பம்பியின் குழாயிலிருந்து கசியும் எண்ணெய் பட்டியின்மேல் விழுகின்றதா எனவும், பம்பியின் பெயாரிங் அசைகின்றதா எனவும் பார்க்க. எஞ்சினின் முன்கப்பி சில வாகனங்களில் இரண்டு வளையங்களாக, நடுவே இறப்பர் வைத்துச் செய்யப்பட்டிருக்கும். அவ்விறப்பர் பழுதாகி வெளிவளையம் நகருமாயின், எத்தனை பட்டி மாற்றினும் பயனில்லை.

பட்டி அறுந்ததும் சுக்கான் கையை விட்டுப் போய்விடாது. ஆனால் மிகவும் பாரமாகிவிடும். பதற்றமின்றி வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துக. சில வாகனங்களில் அதே பட்டியே நீர்ப்பம்பியையும் மின்பிறப்பாக்கியையும் சுழற்றும். அத்தகைய வாகனத்தைத் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் கொதித்துப் பெரும் நட்டம் விளையும். புதிய வாகனங்கள் பலவற்றில் சுக்கானுக்கு மின்மோட்டார் உதவுகின்றமையால், அவற்றில் இப்பட்டியே இல்லை.

போகம் முடிந்தபின்

யந்திரத்தை நிறுத்திவைக்கும்போது பட்டியின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுக. இறுகியபடி மாதக்கணக்கில் நின்றால், கப்பியைச் சுற்றிய இடத்தில் பட்டி வளைந்தவாறே உறைந்துவிடும். கழற்றிய பட்டிகளை ஆணியிற் தொங்கவிடாமல், அகன்ற கட்டையில் மாட்டியோ, சுருளாகத் தரையிலிருந்து உயர்ந்த தட்டில் வைத்தோ, வெயில் படாத உலர்ந்த இடத்திற் காக்க. டீசற் கலனுக்கும் கிருமிநாசினிக்கும் அருகில் வைக்கலாகாது. எலிகள் பட்டியைக் கடித்துக் கெடுக்குமாகையால் வைக்கோலும் நெல்லும் உள்ள இடத்தையும் தவிர்க்க. வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே பட்டிகளைச் சோதித்து, வேண்டியவற்றை வாங்கிக்கொள்ளுதல் நன்று.

சுருக்கம்

பட்டி முதன்முறை அறுந்தால், அதனை எறியாது வைத்துப் பாருங்கள். இரண்டாம் முறை அறுந்தால், இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அடையாளம் காணப்பட்டால், புதிய பட்டியை வாங்குமுன் யந்திரத்தின் குற்றத்தைக் கண்டு நீக்குங்கள். நேர்கோடு, இறுக்கம், தவாளிப்பு, பெயாரிங், எண்ணெய்க் கசிவு, கப்பியின் அளவு, பளு என்னும் ஏழையும் ஒழுங்காகச் சோதியுங்கள். நிற்கும்போது பார்ப்பதோடு, பளுவுடன் ஓட்டியும் பாருங்கள்.

இவற்றின் பின்னரும் காரணம் புலப்படாவிடின், அறுந்த பட்டிகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். வரும்போது புதிய பட்டியைக் கொண்டுவருவதிலும் பழைய பட்டியைக் கொண்டுவருவதே பயன் தரும்.